பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே பெயரையும் சரிசெய்துவிடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, அம்மாவுக்கு 58. தம்பி அபுதாபியில் வேலை பார்க்கிறான். அவன் மனைவிக்கு டிசம்பரில் பிரசவம். அப்பா, அம்மா, நான், என் 9 வயது மகன் நால்வரும் நவம்பர் கடைசியில் விசிட் விசாவில் போவதாக இருக்கிறோம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சில்தான் முடிகிறது, போய்வந்து புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். அதில் பெயர் சண்முகம் என்று மட்டும் இருக்கிறது, சர்நேம் காலி. ஈசிஆர் என்றும் போட்டிருக்கிறது. முகவரி பழைய தஞ்சாவூர் முகவரி. நாங்கள் பாளையங்கோட்டைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆதாரில் வே. சண்முகம் என்று இருக்கிறது, பிறந்த வருடமும் பாஸ்போர்ட்டில் உள்ளதற்கு ஒரு வருடம் வித்தியாசம். அம்மாவின் பாஸ்போர்ட் மழைத்தண்ணீரில் நனைந்து, போட்டோ உள்ள பக்கத்தின் மேல்தாள் உப்பிக் கிளம்பிவிட்டது. மகனுடையது காலாவதி ஆகிவிட்டது. என்னுடையது மட்டும் சரியாக இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் மூன்றையும் தட்கலில் முடித்துத் தருகிறேன், ஆளுக்கு 9,000 ரூபாய் என்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மூன்று பேருக்கும் சேர்த்து அரசுக் கட்டணமே 5,500 ரூபாய்தான் ஆகும்: அப்பாவுக்கு 1,500, அம்மாவுக்கு 3,000, மகனுக்கு 1,000. அவர் கேட்பது 27,000. அவர் உங்களுக்காகச் செய்யப்போவது படிவம் நிரப்புவது மட்டுமே. கைரேகை வைக்கவும் போட்டோ எடுக்கவும் எப்படியும் நீங்கள்தான் நேரில் போக வேண்டும்.

முதலில் தேதி விஷயம். மார்ச் வரை செல்லும் என்று அப்பா சொல்வது இந்தியாவுக்குள் அடையாளச் சான்றாகக் காட்டுவதற்குச் சரி, பயணத்துக்குச் சரியில்லை. ஐக்கிய அரபு அமீரகம் உட்படப் பல நாடுகள், போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நவம்பர் கடைசியில் அப்பாவின் பாஸ்போர்ட்டில் நான்கு மாதம்கூட இருக்காது. விஷயம் அங்கே போய்ச் சேரும் வரைகூடப் போகாது. இங்கே விமான நிறுவன கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுவார்கள். காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஆகவே இன்றே தொடங்கலாம்.

புதுப்பித்தல் என்று நாம் சொன்னாலும், பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித்துத் தருவதில்லை. புதிய எண்ணோடு புதிய புத்தகம் அச்சாகி வரும். அலுவலகம் இதை ரீ-இஷ்யூ என்கிறது. பெரியவர்களுக்கு அது பத்து வருடம் செல்லும். எனவே பெயர், முகவரி, ஈசிஆர் என்று பழைய புத்தகத்தில் இருக்கும் குறைகளை எல்லாம் இந்த ஒரே விண்ணப்பத்தில் தீர்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே ஒரு சொல்லை மாற்றவும் இன்னொரு முறை முழுக் கட்டணம் கட்டி முழு வரிசையிலும் நிற்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் விஷயத்தில் மிக முக்கியமானது பெயர். சர்நேம் காலியாக, பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கும் பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பின்னர் தளர்த்தினார்கள் என்றாலும், விசா போடும் நிறுவனமும் விமான நிறுவன ஊழியரும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. இன்ஷியல் வைத்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது நிறையவே தொல்லை கொடுத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பாவுக்கு கிவன் நேம் கட்டத்தில் சண்முகம், சர்நேம் கட்டத்தில் அவருடைய தந்தையின் முழுப் பெயர். வே என்பது வேலாயுதம் என்று வைத்துக்கொண்டால், பெயர் சண்முகம் வேலாயுதம் என்று அமையும்.

இதைப் படிவத்தில் எழுதுவதற்கு முன்னால் ஆதாரைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இன்ஷியலோடும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் விரித்த பெயரோடும் போனால், அதிகாரி எதை நம்புவது என்று நிறுத்திவைப்பார். ஆதார் மையத்துக்குப் போய், பெயரை விரித்த வடிவில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயர் மாற்றம் வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்துக்கள், அதே வரிசை. சண்முகம் என்பதில் எஸ்ஸுக்குப் பிறகு ஹெச் வருகிறதா இல்லையா என்பதுகூட இங்கே கணக்கு.

பிறந்த தேதியில் எதிர்த்திசையில் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியைத் தொடாதீர்கள். ஆதாரில் வேறு வருடம் இருக்கிறதே என்று அதைப் படிவத்தில் போட்டால், அது பிறந்த தேதித் திருத்தமாகிவிடும். இருக்கிற திருத்தங்களிலேயே அதிகம் துருவிக் கேட்கப்படுவது அதுதான். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியையே போடுங்கள். ஆதார் மையத்தில் பெயரை மாற்றும்போதே, பாஸ்போர்ட்டைச் சான்றாகக் காட்டி ஆதாரின் பிறந்த தேதியைப் பாஸ்போர்ட்டுக்கு இசைவாக மாற்றிவிடுங்கள். அப்பாவின் உண்மையான பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் உள்ளதுதானா என்பதைப் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஈசிஆர் சுலபம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பதற்கான குறி அது. சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களை அது தடுக்காது. ஆனாலும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 50 வயதைக் கடந்தவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமலே நான்-ஈசிஆர் பிரிவுக்குள் வருகிறார்கள். அப்பா பத்து வருடத்துக்கு முன் எடுத்தபோதே 50ஐத் தாண்டியிருந்தார். படிவத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று போட்டிருப்பார்கள். இந்த முறை நான்-ஈசிஆருக்குத் தகுதி உண்டா என்ற இடத்தில் ஆம் என்று போடுங்கள். அம்மாவுக்கும் அப்படியே.

இனி விண்ணப்பம். வெளியுறவு அமைச்சகத்தின் தளம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். கைபேசியில் என்றால் எம்பாஸ்போர்ட் சேவா செயலி. கூகுளில் பாஸ்போர்ட் என்று தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்களில் சில, அரசுத் தளம் போலவே வடிவமைத்துப் பணம் பறிப்பவை. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியவில்லை என்றால் ஒரு விவரமும் தராதீர்கள்.

பதிவு செய்யும்போது எந்த மண்டல அலுவலகம் என்று கேட்கும். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு. அப்பாவின் பழைய புத்தகம் திருச்சியில் எடுத்தது என்பதால் திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2018 முதல் இந்தியாவில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் மதுரையைத் தேர்ந்தெடுத்தால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே நாள் குறிக்கலாம். அங்கே நெருங்கிய தேதி கிடைக்கவில்லை என்றால், தலைமை அஞ்சலகங்களில் இயங்கும் அஞ்சலக பாஸ்போர்ட் மையங்களையும் பாருங்கள், கட்டணம் அதேதான்.

படிவத்தில் ரீ-இஷ்யூ, நார்மல், 36 பக்கம் என்று தேர்ந்தெடுத்த பிறகு, எதற்காக என்று காரணம் கேட்கும். பெரும்பாலான விண்ணப்பங்கள் இடறுவது இந்த இடத்தில்தான். காலாவதி ஆகப்போகிறது என்பதை மட்டும் குறித்துவிட்டு, உள்ளே போய்ப் பெயரையும் முகவரியையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். மையத்தில் பழைய விவரமும் புதிய விவரமும் ஒத்துப்போகாமல் நிற்கும். அப்பாவுக்குக் காலாவதியோடு, தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்பதையும் குறிக்க வேண்டும். அதைக் குறித்ததும் எந்தெந்த விவரம் என்று பட்டியல் விரியும். அதில் சர்நேம், முகவரி, ஈசிஆர் நீக்கம் மூன்றையும் குறியுங்கள்.

தற்போதைய முகவரி என்ற இடத்தில் பாளையங்கோட்டை முகவரியை, ஆதாரில் உள்ளபடி, கதவு எண் முதல் பின்கோடு வரை அப்படியே எழுதுங்கள். காவல் விசாரணை அந்த முகவரிக்குத்தான் வரும். சான்றுக்கு ஆதார் போதும். கூடவே மின்கட்டண ரசீது, சமையல் எரிவாயு இணைப்பு ஆவணம், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும். முந்தைய பாஸ்போர்ட் விவரங்களை நினைவிலிருந்து எழுதாமல், புத்தகத்தைத் திறந்துவைத்து எண், வழங்கிய நாள், முடியும் நாள், கடைசிப் பக்கத்தில் உள்ள கோப்பு எண் ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்ற கேள்விக்கும் உண்மையைச் சொல்லுங்கள். சொத்துத் தகராறு போன்ற உரிமையியல் வழக்கு பிரச்சினை இல்லை. குற்றவியல் வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், அந்த நீதிமன்றத்தின் அனுமதி ஆணையோடு விண்ணப்பிக்க வேண்டும். மறைத்துவிட்டுக் காவல் விசாரணையில் தெரியவந்தால் 1967ஆம் வருட பாஸ்போர்ட் சட்டப்படி அதுவே தனிக் குற்றம்.

சமர்ப்பித்து, பணம் கட்டி, நாள் குறித்ததும் ஏஆர்என் என்ற விண்ணப்ப எண்ணோடு ரசீது வரும். கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் ஒரு வருடத்துக்குச் செல்லும். குறித்த நாளில் போக முடியவில்லை என்றால் மூன்று முறை வரை தேதி மாற்றிக்கொள்ளலாம். 60 வயதுக்கு மேல் 10 சதவீதம் தள்ளுபடி உண்டாமே என்று யாராவது சொல்லுவார்கள். அது முதல்முறை பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு; புதுப்பிப்பவர்களுக்கு இல்லை.

தட்கல் உங்களுக்குத் தேவையில்லை. அதற்குக் கூடுதலாக 2,000 ரூபாய். அதன் பயன், காவல் விசாரணைக்குக் காத்திராமல் புத்தகம் முதலில் வந்துவிடுவது. மூன்று மாதம் கையில் இருக்கும்போது அதற்கு அவசியம் இல்லை. பெயரை அடியோடு மாற்றுவது, தொலைந்த பாஸ்போர்ட், அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்த பாஸ்போர்ட் இவையெல்லாம் தட்கலில் வரவும் வராது. அம்மாவுடையதையும் தட்கலில் முடித்துத் தருகிறேன் என்றவர், அந்தப் புத்தகத்தைப் பார்த்தாவது சொன்னாரா என்று கேளுங்கள்.

அம்மாவின் புத்தகத்துக்கு வருகிறேன். உப்பிய மேல்தாளைப் பசை வைத்து ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கடையில் கொடுத்து லேமினேட் செய்யாதீர்கள். போட்டோப் பக்கத்தில் யார் கை வைத்தாலும் அது திருத்த முயன்றதாகத்தான் தெரியும். நனைந்த பாஸ்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லலாம், ஒட்டிய பாஸ்போர்ட்டுக்குச் சொல்ல முடியாது. எண்ணும் பெயரும் படிக்க முடிகிறது, போட்டோ முழுதாக இருக்கிறது என்றால் அது பகுதிச் சேதம். காரணத்தில் சேதமடைந்த பாஸ்போர்ட் என்பதைக் குறியுங்கள், அம்மாவுக்குக் கட்டணம் 3,000 ஆவது இதனால்தான். அப்படிக் குறிக்காமல் 1,500 கட்டிவிட்டுப் போனால், கவுன்டரில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படிச் சேதமானது என்று அனெக்ஷர் எஃப் என்ற உறுதிமொழியில் எழுதித் தர வேண்டும். இதற்கு ஸ்டாம்ப் பேப்பரும் வேண்டாம், நோட்டரி கையெழுத்தும் வேண்டாம். 2016 டிசம்பரில் விதியை எளிமையாக்கியதிலிருந்து இந்த அனெக்ஷர்கள் எல்லாம் வெள்ளைத்தாளில் தன்னுறுதியாகத் தந்தாலே போதும். மைய வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைகள் சிலவற்றில் இன்னமும் நோட்டரிக்கென்று பணம் வாங்குகிறார்கள், கொடுக்காதீர்கள்.

அம்மாவின் படிவத்தில் கணவர் பெயரை, அப்பாவின் புதிய பாஸ்போர்ட்டில் எப்படி வரப்போகிறதோ அப்படியே எழுதுங்கள். அம்மாவின் சர்நேமும் காலி என்றால் அதையும் இப்போதே நிரப்ப வேண்டும். தந்தை பெயரா, கணவர் பெயரா என்பது அவர் விருப்பம். ஆதாரிலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

மகனுக்கு நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி என்ற பெற்றோர் உறுதிமொழி, இருவரின் பாஸ்போர்ட் அசலும் நகலும், மகனின் பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மகன் நேரில் வர வேண்டும், பெற்றோரில் ஒருவர் உடன் வந்தால் போதும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழி வர வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். பெற்றோர் இருவருக்கும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் காவல் விசாரணை இருக்காது. அவனுக்கு ஐந்து வருடம்தான் கிடைக்கும்.

குறித்த நாளில் கால் மணி நேரம் முன்னால் போனால் போதும். எல்லா அசல்களும், நீங்களே கையெழுத்திட்ட ஒரு செட் நகலும் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு பக்கங்கள், கடைசி இரண்டு பக்கங்கள், ஈசிஆர் குறி உள்ள பக்கம் ஆகியவற்றையும் நகல் எடுங்கள். போட்டோ கொண்டுபோக வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான் போட்டோ கேட்பார்கள். பின்னணி வெள்ளை என்பதால் அப்பா வெள்ளைச் சட்டையைத் தவிர்க்கட்டும். மூத்த குடிமகன் என்பதால் துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம், நீங்கள் போங்கள்.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கட்டமாக நடக்கும். ஏ கவுன்டரில் தனியார் நிறுவன ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் கைரேகையும் எடுப்பார். வயதானவர்களுக்கும் கைவேலை செய்தவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்காமல் போவதுண்டு. ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, அழுத்தாமல் தட்டையாக வைத்தால் பெரும்பாலும் பதிந்துவிடும். விவரங்கள் எல்லாம் திரையில் உங்கள் பக்கம் தெரியும். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக அப்பாவோடு சேர்ந்து படியுங்கள். கிவன் நேம், சர்நேம், தந்தை பெயர், தாய் பெயர், மனைவி பெயர், பிறந்த ஊர், பின்கோடு. பிழை இருந்தால் அந்த ஊழியரே அந்த நிமிடமே மாற்றித் தருவார். அந்தக் கவுன்டரைத் தாண்டிவிட்டால் மாற்றுவது கடினம். பி கவுன்டரில் அரசு அலுவலர் அசல்களைச் சரிபார்ப்பார், சி கவுன்டரில் வழங்கும் அதிகாரி முடிவு செய்வார். ஏதாவது ஒரு சான்று குறைந்தால் விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, அதைக் கொண்டுவரச் சொல்வார்கள். அது நிராகரிப்பு இல்லை, புதிதாகப் பணமும் கட்ட வேண்டாம்.

பழைய புத்தகத்தில் ரத்து முத்திரை குத்தி உங்களிடமே திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு நாட்டு விசா ஏதாவது உயிரோடு இருந்தால், இரண்டு புத்தகங்களையும் சேர்த்துக் காட்டிப் பயன்படுத்தப் பல நாடுகள் அனுமதிக்கின்றன.

அப்பாவுக்கு முகவரி மாறியிருப்பதால் காவல் விசாரணை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விடக்கூடும். அப்படிப் போனால் மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மறுவிசாரணைக்கு எழுதித் தர வேண்டும், வாரங்கள் ஓடிவிடும். ஆகவே விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணுக்குப் பதில், எப்போதும் எடுக்கக்கூடிய எண்ணைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தால் ஆதார், முகவரிச் சான்று நகல்களைத் தந்து, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த விசாரணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

புத்தகம் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். தபால்காரர் அடையாளம் பார்த்து நேரில் ஒப்படைப்பார். இப்போது வருபவை சிப் பதித்த இ-பாஸ்போர்ட்டுகள், அட்டையில் கீழே தங்க நிறத்தில் சிறு சின்னம் இருக்கும். சென்னை அலுவலகம் 2025 மார்ச்சில் இவற்றை வழங்கத் தொடங்கியது. இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. உங்களுடைய பழைய வகைப் பாஸ்போர்ட்டும் அதன் தேதி வரை செல்லும், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் நவம்பர் கடைசியிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, உங்கள் பெயர் ஒற்றைச் சொல்லாக இல்லையா என்பதை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாள் நெருங்குகிறது என்று பழைய பாஸ்போர்ட் நகலை வைத்து அவர் விசாவுக்குப் போட்டுவிட வேண்டாம். விசா பாஸ்போர்ட் எண்ணை ஒட்டித்தான் வரும். எண் மாறினால் அந்த விசா உதவாது, கட்டிய பணமும் போகும். விமான டிக்கெட்டிலும் பெயர் புதிய புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதார் இந்த வாரம், பாஸ்போர்ட் விண்ணப்பம் ஆதார் கைக்கு வந்ததும், புத்தகங்கள் வந்த பிறகு விசா, அதன் பிறகு டிக்கெட். இடையில் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றால், ஏஆர்என் அல்லது கோப்பு எண்ணை வைத்துக்கொண்டு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.